பாம்பன் – தனுஷ்கோடி பழைய ரயில் தடத்தை ஒட்டி சைக்கிளில் ஒரு சுற்று

கேட்டிருப்பது இது: வெளிநாடுகளில் காட்டுக்குள் கைவிட்ட ரயில் தடங்களைச் சைக்கிள் பாதையாக்கி, கிளம்பிய இடத்துக்கே வட்டமாகச் சுற்றி வரும்படி வைத்திருக்கிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையில், புயலில் போன தனுஷ்கோடித் தடத்தில் அப்படி ஒரு சுற்று போக முடியுமா? எந்தச் சைக்கிள், எவ்வளவு நேரம், என்னென்ன வேண்டும்?

தடத்தின் மேலேயே ஓட்ட முடியாது. முழு வட்டமும் கிடையாது. ஆனால் தடத்தை ஒட்டிய தார்ச் சாலையில், பழைய லைன் எங்கே போனது என்று பார்த்துக்கொண்டே போய்வர அருமையான வழி இருக்கிறது. அதன் வடிவம் வால் கட்டிய பட்டம் போன்றது: ராமேசுவரம் ஊரைச் சுற்றி ஒரு சின்ன வளையம், அதிலிருந்து தென்கிழக்கே தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை நீளும் வால். வாலில் போன வழியே திரும்பத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரே சாலை.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது போட் மெயில் என்ற சென்னை ரயில் ஓடியது தனுஷ்கோடிக்கு. மண்டபத்திலிருந்து பாலம் ஏறி வந்த மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல) தடம் பாம்பனில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை ராமேசுவரத்துக்கு, சுமார் 10 கி.மீ. இன்னொன்று தனுஷ்கோடிக்கு, சுமார் 24 கி.மீ. எழும்பூரில் ஏறியவர்கள் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயலோடு எழுந்த கடல், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த 653 எண் பாசஞ்சரை அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கொண்டுபோனது. தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. லைனை மறுபடி போடவில்லை. 2019 மார்ச்சில் ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு 17.2 கி.மீ. புது லைனுக்கு அடிக்கல் நாட்டினார்கள். சூழலைக் காரணம் காட்டி மாநில அரசு நிலம் தர முன்வராததால் அதுவும் நகரவில்லை.

பாம்பனில் பிரிந்த அந்த இரண்டு கிளைகளையும், ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி போகும் சாலையையும் படத்தில் சேர்த்துப் பார்த்தால் ஒரு முக்கோணம் தெரியும். இதைப் பார்த்துத்தான் பலரும் சுற்று போகலாம் என்று நினைக்கிறார்கள். பாம்பன் – ராமேசுவரம் பக்கத்தில் இன்றைக்கும் ரயில் ஓடுகிறது, கூடவே தேசிய நெடுஞ்சாலை 87 போகிறது. ராமேசுவரம் – தனுஷ்கோடி பக்கத்திலும் அதே நெடுஞ்சாலைதான். மூன்றாவது பக்கம், அதாவது செத்துப்போன லைனின் மேற்குப் பாதி, தொடர்ந்து போகும் பாதையாக இல்லை. மணல்மேடு, பனங்காடு, வேலி போட்ட தோட்டம், உடைமரப் புதர் என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. கூகுள் படத்தில் மெல்லிய கோடாகத் தெரிவதை நம்பிச் சைக்கிளை இறக்கினால், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் மிச்சம்.

தடம் எங்கே போனது என்பதைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று சொல்கிறேன், பயணத்தில் பாதி சுவாரசியம் அதில்தான். ராமேசுவரம் தீவு மணலும் பவளப்பாறையும்தான். கருங்கல் இந்த மண்ணில் விளையாது. ஆகவே மணலுக்குள் கூர்முனையோடு, முட்டியளவு, சாம்பல் நிறக் கருங்கல் ஜல்லி சிதறிக் கிடந்தால் அது தீவுக்கு வெளியே, பெருநிலத்திலிருந்து ஏற்றி வந்து கொட்டியது. சாலைக்காகவோ ரயிலுக்காகவோ வந்த கல். சாலை ஜல்லி சின்னது, தார் ஒட்டியிருக்கும். ரயில் ஜல்லியில் தார் இருக்காது, பல கற்களில் துருவின் பழுப்புக் கறை இருக்கும். அந்தக் கற்கள் ஒரே நேர்கோட்டில், சுற்றுத் தரையைவிட ஓரடி இரண்டடி உயர்ந்த மேட்டில் போனால் சந்தேகமே வேண்டாம். ஒற்றை மீட்டர் கேஜ் தடத்துக்கு மேட்டின் மேல்பரப்பு ஏறத்தாழ 5 மீட்டர் அகலம் இருக்கும். ரயில் மேடு சட்டென்று வளையாது, சட்டென்று ஏறவும் ஏறாது. மாட்டுவண்டித் தடமோ ஜீப் தடமோ மணல்மேட்டைச் சுற்றி நெளிந்து போகும். காற்று மணலை வாரிப் போன பிறகு, நேற்றுவரை தெரியாத தண்டவாளத் துண்டு வெளியே தெரிவதும், அடுத்த மாதம் மூடிப்போவதும் இங்கே சகஜம். கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். மண்ணுக்குள் துருப்பிடித்த ஆணியும் இரும்புத் துண்டும் கிடக்கும். குத்திவிட்டால் ராமேசுவரம் திரும்பியதும் முதல் வேலை டி.டி. ஊசி.

இனி வழி. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ராமேசுவரம் ஸ்டேஷனில் தொடங்குவது வசதி. விடிவதற்கு முன்னால் கிளம்பி, முதலில் வடக்கே ராமர் பாதம் போய்வாருங்கள். கோயிலிலிருந்து இரண்டு மூன்று கி.மீ.தான். அந்த மணல்மேடுதான் தீவிலேயே உயரமான இடம், மேலே நின்றால் தீவின் கிடப்பும் இரண்டு கடலும் புரியும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பதை இங்குள்ளவர்கள் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். அங்கிருந்து ரத வீதி, அக்னி தீர்த்தம் வழியாக ஊரைக் கடந்து தனுஷ்கோடி சாலையைப் பிடியுங்கள். திரும்பும்போது கோயில் பக்கம் நுழையாமல் நெடுஞ்சாலையிலேயே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்துவிட்டால் வளையம் முடிந்தது. ஊருக்குள் வாகன நெரிசல் காலை 8 மணிக்கு மேல் தாங்காது என்பதால் இந்த வரிசை முக்கியம்.

தனுஷ்கோடி சாலையில் தொடக்கத்தில் கொஞ்ச தூரம் சவுக்கும் பனையும் உடைமரமும் இருக்கும். நீங்கள் கேட்ட காடு என்று ஏதாவது இருந்தால் அது இந்தப் பகுதிதான். நடராஜபுரம், ஜடா தீர்த்தம் தாண்டி, சுமார் 12 கி.மீ.யில் கோதண்டராமர் கோயிலுக்கு இடப்பக்கம் கிளைச்சாலை பிரியும். 1964 புயலுக்குத் தப்பிய கோயில் அது, போய்வரலாம். அதற்கு அப்பால் முகுந்தராயர் சத்திரம். 2017 வரை தார்ச் சாலை அங்கேயே முடிந்தது, மிச்சத் தூரம் வேன்காரர்கள் மணலிலும் தண்ணீரிலும் உருட்டிக்கொண்டு போவார்கள். 2017 ஜூலையில் திறந்த புதுச் சாலை 9.5 கி.மீ.: சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி 5, தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை 4.5. ராமேசுவரத்திலிருந்து போய்வர மொத்தம் சுமார் 45 கி.மீ., ராமர் பாதத்தையும் சேர்த்தால் 50. ஏற்ற இறக்கம் பேருக்குக்கூட இல்லை. நிறுத்தாமல் மிதித்தால் பழகியவருக்கு இரண்டரை மணி நேரம், சாதாரணமாக மூன்றரை. இடிபாடுகளைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பனிலிருந்தே தொடங்கி, லைன் பிரிந்த இடத்திலிருந்து அரிச்சல்முனை வரை முழுக்கப் போக ஆசையென்றால் மொத்தம் 66 கி.மீ.யை ஒட்டி வரும். பாம்பனிலிருந்து தெற்கே குந்துகால் போய்வந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்திறங்கிய கரை அது. அக்காள்மடம், தங்கச்சிமடம் வழியாகப் போகும் நெடுஞ்சாலை சைக்கிளுக்கு அவ்வளவு இனிமையானதல்ல. டூரிஸ்ட் பஸ்கள் ஒதுங்காமல் முந்தும். பின்விளக்கு எரிய விட்டுக்கொண்டு ஒற்றை வரிசையில் போங்கள். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு, லோடு ஆட்டோவில் சைக்கிள்களை முகுந்தராயர் சத்திரம் வரை கொண்டுபோய் அங்கிருந்து மிதித்தால் போதும். போய்வர 19 கி.மீ., இருப்பதிலேயே அழகான பகுதியும் அதுதான்.

சாலைப் பாலத்திலிருந்து தெரியும் பழைய பாம்பன் பாலத்தின் மேல் ஏறலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடாது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாயிற்று. ஆனாலும் ஓடாத பாலம் ரயில்வேயின் சொத்துதான். 1989 ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருக்கட்டும், உப்புக்காற்று ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தின்ற இரும்பு அது. சாலைப் பாலத்தில் நின்று பாருங்கள், அதுவே போதும். அந்தச் சாலைப் பாலம் 2.345 கி.மீ. நீளம். அதன் இணைப்புகளில் உள்ள இரும்புப் பட்டைகள் அதிகாலைப் பனியில் வழுக்கும். ஹேண்டில் பாரைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல், செங்கோணத்தில் கடக்க வேண்டும்.

காற்றைப் பற்றி எல்லாரும் சொல்வது “எதிர்க்காற்று அடிக்கும்” என்று. பாதிதான் உண்மை. தனுஷ்கோடி சாலை தென்கிழக்கே போகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் தென்மேற்குக் காற்றும், மார்கழி தை மாதத்து வடகிழக்கு வாடையும் அந்தச் சாலைக்குக் குறுக்கே வருகிறவை. அதனால் இங்கே நீங்கள் போராட வேண்டியது பக்கவாட்டுக் காற்றோடு. அது வேகத்தை அவ்வளவாகக் குறைக்காது, சைக்கிளைச் சாலை நடுவுக்குத் தள்ளும். ஒரு வேன் உங்களைக் கடக்கும் நொடியில் காற்று மறிக்கப்படும், வேன் போனதும் திரும்ப அறையும். அந்த நேரத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். சாலை ஓரத்தை ஒட்டிப் போகாமல் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் விட்டுப் போங்கள், தள்ளாட இடம் வேண்டும். அகலமான பையை கேரியரில் கட்டினால் அது பாய்போலக் காற்றைப் பிடிக்கும், முதுகுப்பை மேல். நேர் வடகாற்றுதான் ஏமாற்றுக்காரக் காற்று. போகும்போது முதுகில் தள்ளிக்கொண்டு போய் அரிச்சல்முனையில் விடும், திரும்பும்போது வெயிலோடு சேர்ந்து முகத்தில் அடிக்கும். போகும்போது வழக்கத்தைவிடச் சுலபமாக வேகம் வருகிறதென்றால் அதைத் திறமை என்று எடுத்துக்கொள்ளாமல், பாதித் தண்ணீருக்கு மேல் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகி ரயிலே நின்றுவிடும் வழக்கம் இருந்தது. சைக்கிள்காரர் அதற்கு வெகு முன்பே நிற்க வேண்டும். காய்ந்த மணல் கணுக்கால் உயரத்தில் சாலையைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தால் காற்று 20, 25 கி.மீ. வந்துவிட்டது என்று அர்த்தம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு மேல் மணல் பறந்தால் திரும்பிவிடுங்கள்.

இந்தப் பறக்கும் மணல்தான் ஆடி மாதத்தில் தார்ச் சாலையின் மேலேயே படிந்து கிடக்கும். ஆபத்து அதிகம் மெல்லிய படிவில்தான். விரல் கனத்துக்கு மணல் மூடிய தாரில் முன்சக்கரம் பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். தூரத்திலேயே பார்த்து, வேகத்தைக் குறைத்து, அதற்குள் நுழைந்த பிறகு பிரேக்கைத் தொடாமல், திருப்பாமல், மிதித்துக்கொண்டே கடக்க வேண்டும். 5 செ.மீ.க்கு மேல் கனம் இருந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

சாலையை விட்டுக் கடற்கரையில் ஓட்ட முடியுமா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை: செருப்பில்லாமல் சாதாரணமாக நடந்து பாருங்கள். குதிகால் 2, 3 செ.மீ.க்கு மேல் புதைந்தால் சாதாரண எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) டயர் உருளாது. அலை வந்து ஈரமாக்கிப் போகும் பட்டையில் மட்டும் உருளும். ஆனால் அந்தப் பட்டையில் ஓட்டினால் செயின், ஃப்ரீவீல், ஹப் எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர் தெறிக்கும். ஒரு மணி நேரச் சந்தோஷத்துக்கு ஒரு செயின் விலை. அதோடு ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை இது. அந்த மாதங்களில் மணலில் சக்கரமே வைக்காதீர்கள். கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பின் ஓரங்களில் இன்னொரு மோசடி இருக்கிறது. வெயிலில் காய்ந்த வெள்ளை உப்புப் படலம் கெட்டித் தரைபோலத் தெரியும், மேலே நடந்தால் லேசாக அமுங்கி எழும். சைக்கிள் ஏறினால் படலம் உடைந்து, அடியிலுள்ள கறுப்புச் சேற்றில் ஹப் வரை இறங்கிவிடும். வெளியே இழுத்த பிறகு பிரேக்கிலும் பேரிங்கிலும் ஏறிய சேற்றை அங்கேயே கழுவ நல்ல தண்ணீரும் கிடையாது. அந்தச் சேற்றில்தான் பூநாரைகள் இரை தேடுகின்றன. 2025 ஜூனில் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேரைப் பெரிய பூநாரைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். ஆகவே சேற்றில் இறங்குவது முட்டாள்தனம் மட்டுமல்ல, குற்றமும்கூட. பழைய லைனைச் சைக்கிள் பாதையாக்க வேண்டும் என்ற கோரிக்கையில் எனக்கு உடன்பாடில்லாததற்கும் இதுவே காரணம். சாலை ஒன்று இருக்கிறது, இவ்வளவு ஒடுங்கிய மணல்திட்டுக்கு அது போதும்.

சைக்கிள் விஷயத்தில் ஆடம்பரம் வேண்டாம். தார்ச் சாலை மட்டும்தான் என்றால் பழைய 28 அங்குல ஹீரோ, அட்லஸ் கூடப் போதும். அதற்கு டியூபும் டயரும் ராமேசுவரத்துச் சாதாரண சைக்கிள் கடையில் கிடைக்கும் என்பது பெரிய பலம். ஆனால் அதன் வால்டியூப் (வால்வில் மாட்டும் சின்ன ரப்பர்க் குழாய்) வெயிலில் இளகிப் போகும், சட்டைப்பையில் ஓரடி வால்டியூப் வைத்திருங்கள். எம்.டி.பி. என்றால் 2.1 முதல் 2.25 அங்குல டயர் சரியான அளவு. தாரில் 40, 45 பி.எஸ்.ஐ. காற்று, ஜல்லியும் மணலும் கலந்த இடங்களில் 25 முதல் 30. டியூப் உள்ள டயரை அதற்குக் கீழே இறக்கினால், மணலுக்குள் மறைந்த ரயில் ஜல்லியில் ரிம் இடித்து டியூபில் பாம்பு கடித்ததுபோல இரட்டைத் துளை விழும். 25 மி.மீ. டயர் போட்ட ரோடு பைக் தாரில் ஓடும், மணல் படிந்த இடத்தில் நாட்டியம் ஆடும். 29 அங்குலச் சக்கரமோ மெல்லிய பிரெஸ்டா வால்வோ இருந்தால் உங்கள் டியூபை நீங்களேதான் கொண்டுவர வேண்டும்.

பஞ்சர்தான் உண்மையான எதிரி. உடைமரத்தின் வெள்ளை முள் இரண்டு அங்குலம் வரை நீளும், ஊசி மாதிரி டயரின் அடிப்பகுதியில் நேராக ஏறும். சீமைக்கருவேல முள் அதைவிடக் குட்டை, ஆனால் சாலை ஓரமெல்லாம் கிடக்கும். நெருஞ்சி பார்வைக்கே சிக்காது. சைக்கிளைப் புதர் நிழலில் சாய்த்து வைத்துவிட்டு எடுக்கும்போதுதான் பெரும்பாலும் குத்துகிறது. நிழலுக்கு ஒதுங்கினால் சைக்கிளைத் தாரிலேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போங்கள். ஆளுக்கு 2 மாற்று டியூப், 8 ஒட்டு, ஒரு புது சொல்யூஷன் டியூப், 3 டயர் லீவர், கைப்பம்பு. திறந்து பயன்படுத்திய சொல்யூஷன் டியூப் மூன்று மாதத்தில் உள்ளேயே உறைந்திருக்கும், அமுக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டியூபுக்குள் 60 மி.லி. சீலன்ட் ஊற்றிக்கொண்டால் நெருஞ்சித் துளைகளை அதுவே அடைத்துவிடும். உடைமுள் போட்ட துளைக்கு அது கேட்காது.

முள்ளைப் பார்த்ததும் பிடுங்கிவிடாதீர்கள். சீலன்ட் இல்லாத டியூபில், முள் உள்ளே இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும். காற்று மறைவான ஓர் இடம் வரை அப்படியே போய்விடலாம். ஒட்டும்போது தவறுகிற இடங்கள் மூன்று. நீளமான முள் டியூபின் ஒரு பக்கம் நுழைந்து எதிர்ப்பக்கமும் துளைத்திருக்கும். ஒன்றை மட்டும் ஒட்டிவிட்டுக் காற்றடித்தால் பத்து நிமிஷத்தில் மறுபடி இறங்கும். டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒரு முழுச் சுற்று துடையுங்கள், முறிந்த முனை எங்கே இருக்கிறதோ அங்கே நூல் மாட்டும். விரலால் தடவினால் விரலில் ஏறும். மூன்றாவது, இந்தக் கரைக்கே உரியது: சொல்யூஷன் தடவிக் காயவிடும் மூன்று நான்கு நிமிஷத்தில் பறக்கும் மணல் அதில் ஒட்டிக்கொள்ளும். நான்கு மணல் துகள் போதும், ஒட்டின் ஓரம் எழும்பிவிடும். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டியூபை மடியில் வைத்து, சட்டையால் மூடிக்கொண்டு காயவிடுங்கள். பளபளப்பு போய் மங்கலான பிறகுதான் ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். நேரம் இல்லையென்றால் புது டியூபை மாட்டிக்கொண்டு, ஒட்டுகிற வேலையை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்வதே நல்லது.

கோதண்டராமர் கோயில் விலக்கைத் தாண்டினால் நிழல் அறவே இல்லை. தை, மாசியில் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், சித்திரை, வைகாசியில் 4 முதல் 5 லிட்டர். அதில் ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட் கலந்து வையுங்கள். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டருக்குத்தான், அரை லிட்டரில் கலந்தால் தாகம் கூடும். தனுஷ்கோடியில் கடைகள் உண்டு, தண்ணீர் பாட்டிலும் பொரித்த மீனும் கிடைக்கும். பொரித்த மீனைத் திரும்பும் வழிக்கு முன்னால் தின்னாமலிருப்பது உத்தமம். அங்குள்ளவர்கள் கடலுக்குச் சில நூறு அடி தள்ளி மணலில் ஓரிரு அடி தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதைப் பார்க்கலாம். மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசானது என்பதால் மணலுக்குள் அதன் மேல் மிதந்து நிற்கிறது. அது அவர்கள் குடிக்கும் ஊற்று, கைகால் கழுவ இறங்காதீர்கள்.

தனுஷ்கோடியில் சாலையிலிருந்தே ஸ்டேஷன் கட்டிடத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டியின் தூண்கள், தேவாலயச் சுவர் எல்லாம் தெரியும். சைக்கிளைச் சாலை ஓரத்தில் பூட்டிவிட்டு நடந்து போங்கள். தேவாலயம் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. அருகில் போனால் கல்லில் பவளத்தின் பூப்போன்ற வரிகளே தெரியும். சுண்ணாம்பு உதிர்ந்து கற்கள் தளர்ந்திருக்கின்றன, அதன் மேல் சாய்வதோ ஏறுவதோ வேண்டாம். பவளத் துண்டு கையில் கிடைத்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது அது, பையில் இருந்தால் பதில் சொல்ல வேண்டிவரும்.

எல்லையோரப் பகுதி என்பதால் கடற்படை, கடலோரக் காவல், போலீஸ் என்று கண்காணிப்பு உண்டு. ஆதார் அட்டை வைத்திருங்கள், டிரோன் வேண்டாம். வழக்கமாக இருட்டில் உள்ளே விடமாட்டார்கள், மாலை 5 மணிக்கு மேல் புதிதாக நுழைய விடாமல் 6 மணிக்குள் எல்லாரையும் வெளியே அனுப்புவார்கள். சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டுச் சாவகாசமாகத் திரும்பலாம் என்ற திட்டம் செல்லாது. சவுக்குத் தோப்புக்குள்ளோ காப்புக்காட்டுக்குள்ளோ வனத்துறை அனுமதி இல்லாமல் சைக்கிளைத் திருப்பாதீர்கள். அரிச்சல்முனைப் பக்கம் செல்போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கும், ரோமிங்கை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். சைக்கிள் முற்றிலும் உட்கார்ந்துவிட்டால் அரசு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், அங்கே வரும் வேன் அல்லது லோடு ஆட்டோவில் பேசி ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

எப்போது வருவது என்றால், பொங்கல் கழிந்து மாசி முடிய. ஐப்பசி, கார்த்திகை மழையும் புயலும். ஆனியிலிருந்து ஆவணி வரை மணலும் ஆண்கடலின் அலையும், அரிச்சல்முனைக் கற்சுவரைத் தாண்டித் தண்ணீர் சாலையில் விழும். தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றையும் நாட்காட்டியில் குறித்து வைத்துத் தவிர்த்துவிடுங்கள், சைக்கிள் நுழைய இடம் இருக்காது.

சைக்கிளை ரயிலில் கொண்டுவருவதானால் பார்சல் ஆபீஸில் பதிவு செய்து பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். பெடலைக் கழற்றி, ஹேண்டில் பாரைத் திருப்பிக் கட்டி, பெயரும் போன் நம்பரும் இரண்டு இடத்தில் எழுதி ஒட்டுங்கள். ரயில் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

திரும்பி வந்த அன்றே சைக்கிளைக் கழுவியாக வேண்டும், மறுநாள் என்று தள்ளினால் செயினில் செம்பழுப்பு ஏறியிருக்கும். தீவில் நல்ல தண்ணீர் அருமை, ஒரு வாளியும் இரண்டு பழந்துணியும் போதும். முதலில் காய்ந்த தூரிகையால் மணலைத் தட்டி எடுங்கள். ஈரத் துணியை முதலில் வைத்தால் மணல் உரசி ரிம்மிலும் பெயின்ட்டிலும் கோடு விழும். பிறகு நனைத்த துணியால் ஸ்போக்ஸ் கம்பிகள் ரிம்மில் சேரும் நிப்பிள்கள், பிரேக் கேபிள் நுனிகள், திருகுகளின் தலைகள் என்று உப்பு தங்கும் இடங்களைத் துடையுங்கள். ஹப்பையும் பெடல் அச்சையும் நோக்கித் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது, உப்பு உள்ளே போய்விடும். செயின் நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, வெளியே உள்ளதை ஐந்து நிமிஷத்தில் துடைத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசினாகி மணலைப் பிடித்து வைக்கும். கடைசியாக சீட் கம்பத்தைக் கழற்றித் துடைத்து கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஈரத்தோடும் உப்போடும் விட்ட அலுமினியக் கம்பம் இரும்பு ஃபிரேமுக்குள் ஆறு மாதத்தில் இறுகிக்கொள்ளும், பிறகு அதை வெளியே எடுக்க ரம்பம்தான்.